புளி போட்டுத் தேய்த்த காசு

என் தம்பி துளசிங்கம் பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிறவன். அவனிடம் பழைய அமெரிக்கக் காசுகள் ஐம்பத்து மூன்று இருப்பது எங்கள் குப்பத்தில் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அதனால்தான், போன மாசியில் ஞானதாஸ் என்பவர் பொன்னேரியிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது, இவருக்கு யார் சொன்னது என்று எனக்கு உறுத்தியது.

எல்லாம் ஒரு சென்ட் காசுகள். நம் ஒரு ரூபாயைவிடச் சிறியவை. முதல் சில வருஷக் காசுகளில் பறக்கும் கழுகு, பிறகு வந்தவற்றில் இறகுக் கிரீடம் வைத்த தலை. கப்பலில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக் கவியரசன் ஒவ்வொன்றாக வாங்கி வந்து கொடுத்தான். துளசிங்கம் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் எந்த வருஷத்துக் காசு அரிது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வான். அட்டையில் 1856 முதல் 1909 வரை வருஷத்துக்கு ஒரு குழி வெட்டிப் பதித்திருக்கிறான். குழிக்குக் கீழே வருஷம் எழுதியது நான். 1856 மட்டும் காலி. அந்த வருஷம் மிகக் குறைவாகத்தான் அடித்தார்களாம்.

முதலில் வந்தது 1857. பொங்கலுக்குப் பித்தளைக் குடம் தேய்த்துக்கொண்டிருந்த நான், அதையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தேன். நாலு நாள் அவன் என்னோடு பேசவில்லை. பழைய நிறம் போனால் காசின் மதிப்பே போய்விடுமாம்.

ஞானதாஸ் கைக்குட்டையைப் பிரித்து ஒரு கழுகுக் காசை நீட்டினார். 1856.

"நானும் சின்ன வயசுலேர்ந்து சேக்கறேன்பா. இதை வச்சுக்கினு உன் அட்டையைக் குடுத்துடு. சீக்கிரம் சொல்லு, எனக்கு அஞ்சு மணி ரயிலு."

அட்டையில் 1877 இருந்தது. அதுவும் லேசில் கிடைக்காத காசு. அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. வைத்த டீயையும் அவர் தொடவில்லை.

துளசிங்கம் காசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏழு வருஷத்துச் சேமிப்பைத் தூக்கிக் கொடுத்துவிடுவானோ என்று அட்டையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"அக்கா, கொஞ்சம் புளி எடுத்துனு வா. அழுக்கா கீது, தேச்சுப் பாக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்துகொண்டே ஞானதாஸ் முகத்தைப் பார்த்தேன்.

"தாராளமா தேய்மா. பளிச்சுனு வந்துடும்" என்றார்.

தம்பி என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். வலை பின்னும் நைலான் நரம்பில் ஒரு துண்டு அறுத்து, காசிலிருந்த 5இன் நேர்க்கோட்டின் மேல் நீட்டிப் பிடித்தான். அசல் 1856 என்றால், அந்தக் கோடு கீழ் வளைவின் உருண்டை முனைக்கு நேர் நடுவில் போகும். 1858 என்றால் இடப்பக்கம் விலகும். நரம்பு விலகித்தான் போனது.

"கடைசி எட்டைச் சுரண்டி ஆறாக்கிக்கீறாங்க சார்."

"இன்னாபா, நரம்பை வச்சு ஜோசியம் சொல்றியா?"

"நரம்பு அப்புறம் சார். நெசமா சேக்கறவன் புளின்னு கேட்டதுமே என் கையிலேர்ந்து காசைப் புடுங்கியிருப்பான். டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க. ரயிலு போயிடும்."

அவர் டீயைத் தொடாமலே போனார்.

1856 குழி இன்னும் காலிதான். பக்கத்துக் குழியில் நான் தேய்த்த காசு மட்டும் தனியாகப் பளபளக்கிறது. அதற்குப் பதில் வேறு 1857 வாங்கி வரட்டுமா என்று கவியரசன் கேட்டான். துளசிங்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.