எண்ணெய் குடித்த புஷ்

சிக்னலில் என் வண்டிக்குப் பின்னால் யாரும் ஒட்டி நிற்பதில்லை. பைக்கில் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார்கள். ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துக் கம்பெனி கேன்டீன்களில் தட்டில் மிஞ்சுகிற சோறு, சாம்பார், மோர் எல்லாவற்றையும் நீல டிரம்களில் ஏற்றி, மண்ணூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பன்றிப் பண்ணையில் இறக்குவது என் பிழைப்பு. வண்டி ஒரு பழைய பிக்கப். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. பதினோரு மணி வெயிலில் நேற்றைய ரசம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எனக்கு நாற்றம் பழகிவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பழகவில்லை. என் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "சட்டைய வெளியவே வுட்டுட்டு வா, அதுக்குத்தான் வூடு தெரியுமே, தானா நடந்து வந்துடும்" என்பாள். இப்படி யாராவது சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் வராது. பத்துப் பேரிடம் திருப்பிச் சொல்லிச் சிரிப்பேன். பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவன் இல்லை நான். மனுஷர்கள் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டேன். அந்தப் பழக்கத்தால் ஒரு நல்ல மனுஷருடைய பெயரை நாறடித்த கதை இது. டிரம் நாற்றத்தைக் கழுவிவிடலாம்.

முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. ஆர்ம் என்பார்கள். அது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் வந்து சேருகிற இடத்தில் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க, நடுவில் ஒரு ரப்பர் உருளை. அதுதான் புஷ். வெளியே இரும்பு வளையம், உள்ளே ரப்பர், அதற்கும் உள்ளே போல்ட் போகிற குழாய். அந்த ரப்பர் போய்விட்டால் குழியில் இறங்கும்போதெல்லாம் காலடியில் 'டொக்' என்று அடிக்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

போன வருஷம் நாலு புஷ்ஷையும் மாற்றினேன். வாங்கியது ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் இருக்கிற ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். கடைக்காரர் கிறிஸ்தவர், மண்ணூர்க்காரர், அளந்து பேசுகிறவர். கல்லாவுக்கு மேலே மாதா படம், அதன் கீழே குட்டி சிவப்பு பல்பு. விற்கிற ஒவ்வொரு சாமானிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுப்பார். "நாளைக்கி எவனாவது எங்கியோ வாங்கினத எடுத்துக்கினு வந்து சண்ட போட்டா, என் பொட்டு கீதான்னு பாப்பேன்" என்று அன்றைக்குச் சொன்னார். அதையும் நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

ஐந்து மாதம் ஆகவில்லை. டொக்.

ஒரகடம் ஸ்டாண்டில் எங்களைப் போல வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் டீக்கடையோரம் நிற்போம். "டூப்ளிகேட் குட்த்துட்டான்பா உனுக்கு" என்றான் ஒருவன். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கழற்றிப் பார்க்கவில்லை. மெக்கானிக்கைக் கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், நாலு டிரைவர்கள் நிற்கும்போது, சத்தமாகச் சொன்னேன்:

"மேல மாதாவ மாட்டிக்கினு கீழ டூப்ளிகேட் விக்கிறியே, அவங்க இன்னா கண்ண மூடிக்கினா கீறாங்க?"

நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அவர் முகம் சிவந்து, "கழட்டி எடுத்துக்கினு வாப்பா, பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

ஒரே வாரத்தில் என் பேச்சு சுருங்கி 'மாதா மார்க்' ஆகிவிட்டது. ஸ்டாண்டில் யாருடைய பல்பு எரியாவிட்டாலும் மாதா மார்க். செருப்பு அறுந்தால் மாதா மார்க். ஒருவனுக்குப் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோனது. அதுவும் மாதா மார்க். ஒரு பல்பு வாங்கக்கூட அந்தக் கடைக்குப் போகாமல் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் ஓட ஆரம்பித்தார்கள். அவ்வழியாகப் போகும்போது பார்ப்பேன். கடை வாசலில் ஒரு வண்டி நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியோடு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, பைக்கில் போன எவனோ "மாதா மார்க்கேய்" என்று கத்திவிட்டுப் போனானாம். அந்த அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதார்களாம். ஸ்டாண்டில் ஒருவன் அதை நடித்தே காட்டினான். நானும் சிரித்தேன். இதை மறைத்து எழுதினால் மற்றதை எழுதிப் பிரயோஜனம் இல்லை.

டொக் சத்தத்தோடு இன்னும் சில மாதம் ஓட்டினேன். ஒருநாள் வல்லம் வடகாலில் ஷிப்ட் விடுகிற நேரம். ரோட்டோரம் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையாக நிற்கிறார்கள். குறுக்கே ஒரு நாய். பிரேக்கை மிதித்தேன். ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வண்டி இடது பக்கம், அந்த வரிசையைப் பார்த்துப் போயிற்று. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது. நான் நின்றேன், டிரம் நிற்கவில்லை. மூடி கழன்று, ஒரு முழு டிரம் புளித்த சாம்பார் முதலில் நின்ற பெண்ணின் மேல் கொட்டியது. தலையில் பருக்கை. அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு முருங்கைத் தோல்.

அந்தப் பெண் கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டது. பிறகு தெற்கத்திப் பேச்சில் சொன்னது: "அண்ணே, இடிச்சிருந்தாக்கூட ஆம்புலன்ஸ்ல ஏத்திருப்பாவ. இப்ப என்னய எந்த பஸ்ல ஏத்துவாவ?"

வேறு நாளாக இருந்தால் அதை ஒரு மாதம் சொல்லித் திரிந்திருப்பேன். அன்றைக்கு ரோட்டோரம் குனிந்து வாந்தி எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் ஷெட். மெக்கானிக் கோவில்பட்டிக்காரர். முப்பது வயசு இருக்கும். இங்கே ஒரு கம்பெனி லைனில் கான்ட்ராக்டில் இருந்து, அது முடிந்ததும் தகரம் போட்டு ஷெட் திறந்தவர். போன தடவை புஷ் போட்டதும் இவர்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அண்ணாச்சி, கழுவிட்டு கொண்டாங்க. இல்லன்னா நான் மூக்க கழட்டி வச்சிட்டுத்தான் கீழ படுக்கணும்" என்றார்.

வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டு போனேன். நுரை போட்டு, கீழேயும் தண்ணீர் அடித்தார்கள். முடிந்ததும் சர்வீஸ்காரர் வழக்கம்போல ஸ்ப்ரே துப்பாக்கியோடு வந்தார். பழைய இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்து வண்டியின் அடிப்பக்கம் பூரா பீய்ச்சி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். துரு பிடிக்காது என்பார்கள். "ஆயில் அடிச்சிடலாமா தலீவா?" என்றார். "இன்னாபா கேள்வி, குளிக்க அடி" என்றேன். எனக்கு அதில் ஒரு பிரியம். டிரம் தண்ணீர் இறங்கி சேஸிஸ் அரித்துவிடுமே என்று மாதம் இரண்டு தடவை தவறாமல் அடித்துக்கொள்வேன். அந்தக் கறுப்புப் பளபளப்பைப் பார்த்தால், வண்டிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது போல மனசு குளிர்ந்துவிடும்.

சொட்டச் சொட்ட ஷெட்டுக்குத் திரும்பி வந்தேன். மெக்கானிக் குனிந்து பார்த்தார். தரையில் விழுந்த கறுப்புத் துளிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இது எத்தன நாளா நடக்கு?"

"மாசத்துக்கு ரெண்டு வாட்டி. நான் இதுல கரெக்டா இருப்பேன்."

அவர் ஜாக்கி வைத்தார். சக்கரம் கழன்றது. ஆர்மைச் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மேலே கழுவியதெல்லாம் மேலோடு போயிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிரம்மிலிருந்து வழிந்தது சேஸிஸ் வழியாக முன்னால் ஓடி வந்து, மண்ணோடும் ஆயிலோடும் சேர்ந்து, சந்து சந்தாக அப்பிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். பாளமாக விழுந்தது. உடைந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. பருக்கை என்று நினைத்தேன். பருக்கை நெளியாது. அவர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, உங்க வண்டில டயர மட்டுந்தான் இன்னும் பன்னி திங்கல" என்றார்.

இரண்டு பக்க ஆர்மையும் கழற்றி, நாலு புஷ்ஷையும் வெளியே தள்ளி, இடது பக்கத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "அமுக்குங்க."

கட்டைவிரல் உள்ளே போயிற்று. ரப்பர் என்று சொல்லவே முடியாது. ஊதிப் பெருத்து, பிசுபிசுவென்று, கறுப்பு அல்வா மாதிரி. விரலை எடுத்தால் கூடவே நூல் நூலாக வந்தது. டீசலும் அழுகலும் கலந்த ஒரு வாடை. சோப்புப் போட்டும் மூன்று நாள் அந்த விரலோடு சாப்பிட முடியவில்லை.

"டூப்ளிகேட்னா இப்டித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க." இரும்பு வளையத்தைத் துணியால் துடைத்தார். மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் கம்பெனி எழுத்தும் இருந்தது. "அசல் சாமான். ஒரே டப்பாவுல வந்த நாலு. இடது பக்கம் ரெண்டும் அல்வா. வலது பக்கம் பாதி அல்வா. டூப்ளிகேட்டுன்னா நாலும் ஒரே மாதிரில்லா போயிருக்கும்? சர்வீஸ்ல எந்தப் பக்கம் இருந்து அடிப்பான்?"

இடது பக்கம். கம்ப்ரஸர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. மிச்சம் மீதிதான் வலது பக்கம் போகும்.

"எண்ணெய குடிச்சா ரப்பர் ஊதி செத்துப் போவும் அண்ணாச்சி. நான் அன்னைக்கே சொன்னேன், ஆயில் மட்டும் படக் கூடாதுன்னு. நீங்க ஸ்டாண்டுக் கத ஏதோ சொல்லிட்டு இருந்தீங்க."

சொல்லியிருப்பார். ஊரில் எல்லார் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் காதில் விழவில்லை.

"புது செட்டு நீங்களே போயி வாங்கிட்டு வாங்க," என்றார். "அந்தக் கடையிலயே."

அழுகின புஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்கின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கடையில் யாரும் இல்லை. கடைக்காரர் ஒரு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி இல்லாத டப்பா. கவரைப் பிரித்து வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னேன். என் தப்பு, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கவரைப் பார்த்தார். கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"மன்னிப்பு வோணும்னா கோயில்ல ஃபாதர் கீறாரு. இங்க புஷ்ஷுதான் கெடைக்கும்."

நாலு புஷ்ஷை எடுத்து, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பொட்டு வைத்தார். "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் வித்தது இன்னான்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்க ஸ்டாண்டுல கீறாங்க. அங்க போயி சொல்லு."

மெக்கானிக் புதியதைப் போட்டு முடித்தார். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்கினார். "இப்பயாவது கேளுங்க. தூக்கி நிறுத்தி முறுக்குனா ரப்பரும் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சிரும். வண்டி அது கால்ல நிக்கணும், அப்பத்தான் முறுக்கணும். ஆயில் படவே கூடாது. சொல்லுங்க பாப்போம்?" சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்ல வைத்தார்.

ஸ்டாண்டுக்குப் போய், டீக்கடை பெஞ்சில் கவரை வைத்து, எல்லாரையும் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, அவர் கொடுத்தது அசல் என்றேன். பொட்டைக் காட்டினேன். அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"த்தூ, டீ குடிக்கிற எடத்துல இன்னாத்தடா கொண்டாந்து வைக்கிற?"

"எத்தினி பிரியாணி வாங்கிக் குட்த்தாரு உனுக்கு?"

"மாதா மார்க்குக்கு இவுரு இப்ப பிரான்ச் மேனேஜரு."

மறுபடி சிரிப்பு. அன்றைக்கு இனித்த அதே சிரிப்பு. இத்தனை மாதமாக இந்த வாய்கள் மென்றுகொண்டிருப்பது நான் துப்பியதுதான். திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றால் தர மாட்டேன் என்கிறார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் மாதா மாதம் ஆயில் அடிக்கிறவன். குனிந்து தன் வண்டியின் முன் சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். பார்த்துவிட்டு டீயைக் குடித்தான்.

கவரோடு திரும்பவும் கடைக்குப் போனேன். "நம்ப மாட்டேன்றாங்க" என்றேன்.

"நீ சொன்னத நம்பினாங்களே அன்னிக்கி."

அவர் ஒரு கம்பியை எடுத்து, அழுகின புஷ்ஷின் ஓட்டையில் கோத்து, கடைக்கு வெளியே ஷட்டர் கொக்கியில் தொங்கவிட்டார். பொட்டு ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். "இங்கியே கெடக்கட்டும். போறவன் வர்றவன் கேப்பான். கேட்டா நீ வந்து சொல்லு. தெனம் இந்தப் பக்கமாத்தான போற?"

தினமும் அந்தப் பக்கமாகத்தான் போகிறேன். வெயில் ஏறினால் அது உருகிக் கறுப்பாக ஒரு சொட்டு விடுகிறது. ஈ மொய்க்கிறது. பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, அதனாலேயே எல்லாரும் பார்க்கிறார்கள். பல்பு வாங்க வருகிறவர்கள், வழி கேட்க நிற்கிறவர்கள், யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். அவர் கல்லாவை விட்டு எழுவதில்லை. "அதோ டிரம் வண்டி வருது பார், அவரையே கேளு" என்கிறார். நான் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, முதலிலிருந்து சொல்கிறேன். ஸ்டாண்டில் பாதிப் பேர் இன்னும் மாதா மார்க் என்றுதான் சொல்கிறார்கள். அன்றைக்குச் சிரிக்காதவன் மட்டும் போன வாரம் வந்து நாலு புஷ் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நேற்று ஒரு லாரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "இன்னா கருமம் இது? யாருது?"

"என்னுதுதான்" என்று இறங்கினேன்.

உள்ளேயிருந்து கடைக்காரரின் குரல் வந்தது: "வண்டிய தள்ளி நிறுத்திட்டு வந்து சொல்லு. பாவம், அவரு இப்பதான் சாப்ட்டு வந்துகீறாரு."