மூன்று ஓட்டும் ஒரு டீச்சரும்

நிதானமாக யோசித்து நான் எடுத்த முடிவு எதுவும் இரண்டு வாரம் தாண்டியதில்லை. கோபத்தில் எடுத்தவைதான் நிலைத்திருக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைத்ததும் அப்படி ஒரு கோபத்தில்தான்.

ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். கேரளத்தில் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே இருக்கிற எங்கள் வீட்டுக்கு ஆறே முக்காலுக்கெல்லாம் வேன் வந்துவிடும். பள்ளிக்கூடம் என்னவோ நேராகப் போனால் கால் மணி நேரம். வேன் நேராகப் போகாது. தனுவச்சபுரம் வரைக்கும் உள்ள எல்லா இடவழியிலும் நுழைந்து, எல்லா வீட்டு முன்னாலும் ஹாரன் அடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும். சாயங்காலமும் அதே சுற்று. ஒருநாள் சாயங்காலம் என் மகன் வாயில் தோசையோடு தூங்கிப்போனான். விரலை விட்டுத் தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. மறுநாள் காலை வேன்காரர் ஹாரனில் கைவைத்தார், எடுக்கவே இல்லை. நான் கையில் இருந்த கரண்டியோடு வெளியே போனேன்.

"இனி வராண்டாம்" என்றேன்.

"இண்ணு லீவாணோ சேச்சி?"

"லீவு இல்ல. நிறுத்தியாச்சு."

வேன் போய்விட்டது. உள்ளே திரும்பினால் மூத்தவளும் மகனும் ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், சின்னவள் ஜட்டியோடு நிற்கிறாள். ஒன்பது வயது, ஏழு வயது, நாலு வயது. இந்த மூன்று பேரையும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன் என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை எதற்கு மறைக்கவேண்டும். நான் பி.எட். முடித்தவள். முடித்ததோடு சரி. கல்யாணம், ஒரு பிரசவம், இன்னொன்று, மறுபடியும் ஒன்று என்று வருஷங்கள் ஓடிவிட்டன. டீச்சர் என்று என்னை யாரும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டதில்லை. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. இந்தப் பேச்சை நான் பிள்ளைகள் முன்னாலேயே பலமுறை பேசியிருக்கிறேன். அவர்கள் காதில் விழும் என்று நினைக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் விழாத காதுகள்தானே என்று இருந்துவிட்டேன்.

என் கணவர் அமரவிளையில் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் இரண்டு சண்டையைப் போட்டு முடித்திருப்பேன். அன்றைக்கும் நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும் வரை சாயாவைக் குடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு வருஷம் பாப்போம். அடுத்த ஜூனுக்கு முன்ன பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தீருமானிக்கட்டும், வீடா ஸ்கூலான்னு. வீடு ஜெயிச்சா நீ நடத்து. தோத்தா வேன்காரர்ட்ட நீதான் போய்ப் பேசணும்."

அந்த மனிதரிடம் போய் நிற்பதற்குப் பதில் மூன்று பேரையும் தோளில் தூக்கிக்கொண்டு நானே நடந்துவிடுவேன். ஆகவே ஓட்டில் ஜெயித்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. மாணவர்களின் ஓட்டை நம்பி வேலை பார்க்கும் டீச்சரின் கஷ்டம் என்னவென்று எந்த பி.எட். காலேஜிலும் சொல்லித்தருவதில்லை.

சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மணி அடிப்பேன். நாலாம் வகுப்பு ஜன்னல் பக்கம், இரண்டாம் வகுப்பு ஃப்ரிட்ஜ் பக்கம், சின்னவள் மேசைக்கு அடியில். ஒரே வாயால் மூன்று வகுப்பு எடுக்கவேண்டும். மூத்தவளுக்குப் பின்னம் சொல்லித்தர ஏத்தம்பழத்தை எட்டுத் துண்டாக வெட்டி வைத்தேன். எட்டில் மூன்றை எடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் மீதி எதுவுமே இல்லை. மேசைக்கு அடியிலிருந்து மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பதில் சின்னவளிடமிருந்து வரும். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று கத்துவாள். உன் கையில் எத்தனை விரல் என்று கேட்டால் "கொறைய உண்டு" என்பாள். நிறைய இருக்கிறதாம்.

ஓட்டு ஞாபகம் வந்துவிடுவதால் யாரையும் முழுசாகத் திட்ட முடியவில்லை. "எலே, ஒனக்க மண்டைக்குள்ள என்னதான் உண்டு" என்று ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு, "மக்கா" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வேன். அந்த வருஷம் நான் பாதியில் விழுங்கிய திட்டுகளே இன்னும் வயிற்றில் கிடக்கின்றன.

ஜூலையில் மழை பிடித்தது. ஒருநாள் காலை நான் மணி அடிக்க, மகன் வரவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அப்பாவின் போனைக் காட்டினான்.

"இண்ணைக்கு லீவாக்கும். கலெக்டர் சொல்லியாச்சு."

"அது ஸ்கூலுக்கு. ஒனக்கு கட்டில்லருந்து மேசைக்கு வர எந்த ஆத்தக் கடக்கணும்?"

"அப்பம் இது ஸ்கூல் இல்லியா?"

"ஸ்கூல்தான்."

"ஸ்கூல்ன்னா லீவு உண்டு. ஸ்கூல் இல்லன்னா நான் எதுக்கு இருந்து படிக்கணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இது பள்ளிக்கூடம் இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? லீவு கொடுத்தேன்.

கொடுத்தது தப்பு. அக்டோபரில் எங்கள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், கன்னியாகுமரி கலெக்டர் விட்ட லீவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அது வேறு ஜில்லா, வேறு மாநிலம் என்றேன்.

"நம்ம சர்ச்சு எங்க இருக்கு?" என்று கேட்டான்.

சர்ச்சு எல்லைக்கு அந்தப் பக்கம். ஞாயிறுதோறும் எல்லை தாண்டித்தான் போய்வருகிறோம்.

"ஞாயித்துக்கிழம தமிழ்நாடு, திங்கக்கிழம மட்டும் கேரளமா? அதெப்பிடி?"

மூத்தவள் நோட்டை மெதுவாக மூடினாள். சின்னவள் ஏற்கெனவே வெளியே ஓடியாயிற்று. மூன்று ஓட்டும் ஒரே பக்கம் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிப் பிடிவாதம் பிடிப்பது? அன்று முதல் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கலெக்டர்கள். இந்தியாவில் வேறு எந்தப் பள்ளிக்கும் இந்த யோகம் வாய்த்திருக்காது.

மகன் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியைப் படிக்கப் பத்து நிமிஷம் தடவுகிறவன், லீவு அறிவிப்புகளை மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தான். நெய்யாற்றின்கரைத் தாலுக்கா என்றால் எதுவரை, விளவங்கோடு எங்கே ஆரம்பிக்கிறது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. "அங்கன்வாடிக்கும் உண்டு" என்று படித்துத் தங்கைக்கும் சேர்த்து லீவு வாங்கிக்கொடுப்பான். ஒருநாள் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, கடைசி வரி என் கண்ணில் பட்டது. முன்பே அறிவித்த பரீட்சைகளுக்கு மாற்றமில்லை.

"இதப் படிக்கலியே மக்கா?" என்றேன்.

அதற்குப் பிறகு வானம் கொஞ்சம் கறுத்தாலே மறுநாளைக்குப் பரீட்சை என்று அறிவித்துவிடுவேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் இரண்டு மொழியிலும் தடங்கல் இல்லாமல் படித்தான். நான் அதற்காக ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. கணவரிடம் நான்தான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னேன்.

மூத்தவள் விஷயம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் எதையும் கேட்பதில்லை, எதற்கும் சண்டை போடுவதில்லை. சாயங்காலம், வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து மதிலோரம் நின்று வகுப்புக் கதைகளைச் சொல்வாள். கணக்கு டீச்சர் தும்முவது எப்படி, யார் யாரோடு பேசுவதில்லை என்பது எல்லாம். இவள் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்தக் கணக்கு டீச்சரை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். என் வகுப்பில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. நான் அதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

மே மாதக் கடைசியில், ஓட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் குடையும் கையுமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். வீடு வீடாகப் பிள்ளை பிடிக்கிறார்கள், எங்கள் ஊரில் எல்லா மே மாதமும் நடப்பதுதான்.

"அஞ்சாங்கிளாஸ்ல ரெண்டு பிள்ளைகள் கொறவு" என்றார். "பிள்ளைகளுக்க எண்ணம் கொறஞ்சா ரெண்டு டிவிஷன்ல ஒண்ண எடுத்திருவாங்க. டிவிஷன் போனா எனக்க போஸ்ட்டும் போவும். எத்தற வருஷம் காத்திருந்து கிட்டுன வேலையாக்கும்."

சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் வீறாப்பு விடுமா? "எனக்க பிள்ளைகள் வீட்டுலதான் படிக்குதாங்க, நானாக்கும் டீச்சர்" என்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் அசையாமல் நின்றன. அவர் சாயாவைக் குடித்துவிட்டு, அட்மிஷன் படிவத்தை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை தேர்தல். கணவர் காலி பெயின்ட் டப்பாவின் மூடியில் கீறல் போட்டுக் கொண்டுவந்தார். சின்னவளுக்கு எழுத வராது என்பதால் சின்னங்கள். வீட்டில் படிக்க வீடு, பள்ளிக்கூடத்துக்கு வேன். முந்தின நாள் நான் பழம்பொரி போட்டுக்கொடுத்ததை லஞ்சம் என்று கணவர் சொன்னார், நான் அன்பு என்றேன். ஒவ்வொருவராகப் படுக்கையறைக்குள் போய் வரைந்துகொண்டு வந்து போட்டார்கள். டப்பாவைத் திறந்தால் வீடு, வீடு, வீடு.

எனக்குத் தலை கால் புரியவில்லை. மறுநாள் சர்ச்சில் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். மூன்றுக்கு மூன்று!

திங்கட்கிழமை காலை சின்னவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சொன்னாள்.

"அக்கா வேன்தான் வரஞ்சா. பெறவு அழிச்சிட்டு வீடு வரஞ்சா."

சீப்பை அப்படியே அவள் தலையில் விட்டுவிட்டுப் போய் டப்பாவைத் திறந்தேன். மூத்தவளின் வீடு அழகான வீடு, கதவு, ஜன்னல், ஓடு எல்லாம் உண்டு. அடியில் சரியாக அழியாத இரண்டு சக்கரங்களும் இருந்தன. மகனைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். ரகசியத்தை அவனால் ஒரு நிமிஷத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது.

"அக்காதான் சொன்னா. நாங்க ஸ்கூலுக்குப் போனா அம்மாக்க டிவிஷன் போவும். பெறவு போஸ்ட்டும் போவும். அம்மாக்கு இதாக்கும் ஒரே வேலை. அதுகொண்டு எல்லாரும் வீடு வரையணும்ன்னு சொன்னா."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகவே சிரித்தேன். பிறகு உட்கார நாற்காலி தேடினேன். ஒரு வருஷமாக இந்த மூன்று பேரையும் நான் சமாளித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது, அவ்வளவு பெருமையாகவும் இருந்தது.

மூத்தவளைக் கூப்பிட்டேன். அவள் நேராகப் பொய் சொன்னாள்.

"எனக்கு வீடுதான் இஷ்டம்."

"சக்கரம் வெச்ச வீடா மக்கா?"

சீட்டைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் போனா பின்ன நிங்க மத்த ரெண்டு பேர வெச்சு எப்பிடி நடத்துவிய?"

"ரெண்டு பேரு இருந்தா டிவிஷன் போவாது. நான் ஹெட்மிஸ்ட்ரஸ்ட்ட கேட்டாச்சு."

"இஞ்ச யாரு ஹெட்மிஸ்ட்ரஸ்?"

"அதும் நான்தான்."

அழுகைக்கு நடுவே களுக்கென்று சிரித்தாள். மதிலோரம் சிரிக்கிற அதே சிரிப்பு.

அந்த டீச்சர் வைத்துவிட்டுப் போன படிவத்தை அவளே நிரப்பினாள். என் கையெழுத்தைவிட அவள் கையெழுத்து நன்றாக இருந்தது, அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இது நிஜம். கடைசியில் கையெழுத்துப் போட என்னிடம் நீட்டினாள். கீழே இரண்டு கோடு இருந்தது. ஒன்று டீச்சருக்கு, ஒன்று பெற்றோருக்கு. ஒரு வருஷப் பழக்கத்தில் பேனா டீச்சர் கோட்டுக்குத்தான் போனது. மகள் என் கையைப் பிடித்து மெதுவாகப் பக்கத்துக் கோட்டுக்கு நகர்த்தினாள்.

"அம்மா, இஞ்ச" என்றாள்.