கேக்குக்கு ஊற்றிய பிராந்தி

நாங்கள் தூத்துக்குடிக்குள்ளேயே வீடு மாறி, மாப்பிள்ளையூரணிப் பக்கம் வாடகைக்கு வந்த வருஷம் அது. வீடு மாறியதற்குத் தண்ணீர்க் கஷ்டமோ வேறெதுவோ காரணம் இல்லை. பழைய தெருவில் என் வீட்டுக்காரரைக் குடிகாரர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் குடியை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. புது இடத்தில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

அவர் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறார். குடியால் ஒருமுறை வேலை போய்விட்டது. லாரி முதலாளி இரக்கப்பட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். "இன்னொரு தடவ வாயில மணம் வந்துச்சு, சாவிய வச்சிட்டுப் போயிரணும்" என்று என்னையும் முன்னால் நிற்கவைத்துத்தான் சொன்னார். அந்த அண்ணாச்சி வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு என் கையால் ஏதாவது செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. பேக்கரியில் வாங்கிக் கொடுத்தால் அது ஏதோ கடமைக்குக் கொடுத்த மாதிரிதானே?

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் முறுக்கும் முந்திரிக்கொத்தும்தான். கேக் செய்து எனக்குப் பழக்கமே இல்லை. எதிர்வீட்டு டீச்சர் அதில் கெட்டிக்காரி. பழத்தையெல்லாம் பொடியாக நறுக்கிப் பிராந்தியில் பதினைந்து நாள் ஊறப்போட வேண்டும், இடையில் திறக்கவே கூடாது, அப்போதுதான் கேக் கெடாது என்று சொல்லிக் கொடுத்தார். சொன்னதோடு விட்டாரா? பட்டாளத்தில் இருக்கும் தம்பி கொண்டுவந்த பாட்டிலில் பாதியையும் கையில் திணித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பல்லை இளித்துக்கொண்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே இரண்டு போடலாம் போல இருக்கிறது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கிஸ்மிஸ் திராட்சை, பேரீச்சை, செர்ரி, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, பழத்துக்கு மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி பிராந்தியை ஊற்றினேன். அவர் கண்ணில் படாமல், அடுக்களைப் பரணில் குடில் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மாதா சொரூபத்துக்குப் பின்னால் பிராந்தி! மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை எட்டிப் பார்த்தால் இரண்டு விரற்கடை ஒரு விரற்கடை ஆகியிருந்தது. சரி, நம் கண்ணில்தான் கோளாறு என்று, இருந்த அளவுக்கு ஒரு ரப்பர் பேண்டை மாட்டி வைத்தேன். டீச்சர் திறக்கக் கூடாது என்று சொன்னதெல்லாம் மறந்தே போயிற்று. அவர் எடுத்துக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலந்திருப்பாரோ என்று தினமும் இரண்டு தடவை மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் எனக்குத் தப்பாகவே பட்டது. வேலை முடிந்ததும் நேராக வருகிறவர், பீச் ரோட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்றார். தண்ணீரைத் தானே மொண்டு குடிக்கிறவர், வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு எடுத்துவரச் சொன்னார். மழை தூறும் மாதத்தில் புழுக்கமாக இருக்கிறது என்று பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். "அப்பா ஏம்மா மாடியில படுக்காங்க?" என்று ஐந்தாவது படிக்கிற மகளே கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, கிராம்பு மெல்ல ஆரம்பித்திருந்தார். குடித்த காலத்தில் வாடையை மறைக்க அவர் மெல்லுவது கிராம்புதான். அவர் சட்டையைத் துவைக்கும் முன் மோந்து பார்த்தேன். அவர் லாரியில்கூட ஏறி, ஸீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை பாட்டிலைப் பார்த்தால், ரப்பர் பேண்டுக்குக் கீழே நன்றாகவே இறங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குக் கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. "பரண்ல இருக்கத எடுத்துக் குடிக்கீங்கல்லா? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டே விட்டேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "நான் தொடல" என்றார். அவ்வளவுதான். பரணில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. தெரியாதவர் என்றால் கேட்டிருக்க மாட்டாரா? எனக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. கோயில் வாசலில் நின்றுகொண்டு எட்டு மாதமும் பாழாய்ப் போயிற்று என்று அழுதேன். அன்று மதியமே அவர் கோயம்புத்தூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பாட்டிலை இறக்கினேன். இன்னும் குறைந்திருந்தது. மேலே இருந்த பழமெல்லாம் வெளியே தலைநீட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் நானும் மகளும் மட்டும்தான். கொடுமையைக் கேளுங்கள், ஒரு நொடி அந்தப் பச்சைப்பிள்ளையைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தேன். அப்புறம் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பழந்தான் குடிச்சிருக்கு! கிஸ்மிஸ் எப்படி உப்பியிருக்கு பாருங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தணும்" என்று அடுத்த பாட்டிலைத் தேட ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குடிக்காத மனுஷனைக் குடித்தாய் என்று சொல்லி, பட்டினியாக ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எப்படியும் கெட்ட பெயர்தானே என்று வழியில் எங்கேயாவது வண்டியை நிறுத்தியிருந்தால்? வேலையும் போய், மனுஷனும் போய்விடுவாரே! அன்றைக்குச் சொன்ன அளவுக்கு நான் என்றைக்கும் ஜெபமாலை சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது, தூக்கம் இல்லாத சிவப்பு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பழம் குடித்த கதையைக் கேட்டு லேசாகச் சிரித்தார். ஏன் அன்றைக்கு எதுவுமே கேட்கவில்லை என்றேன்.

"என்னத்தக் கேக்க? நீ ஊத்தி வச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும். வாசல்ல செருப்பக் கழட்டும்போதே மணம் வந்துட்டு. அதுக்கப்புறம் நாளுக்கு நாள் கூடிக்கிட்டேல்லா இருந்துச்சு. அடுக்களைக்குள்ள வந்தா கை அங்கன போயிருமோன்னு பயம். அந்த மணம் மூக்குல ஏறாம இருக்கத்தான் கிராம்ப மென்னேன், மாடியில போய்க் கெடந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"ஏளா, எட்டு மாசத்துல இப்பத்தான் நீ சிரிச்ச முகமா ஒரு வேல பாக்க. அத எப்படிக் கெடுக்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். மணம் ஏன் நாளுக்கு நாள் கூடியது என்று எனக்குத்தானே தெரியும்! அவரைச் சந்தேகப்பட்டு நான் மூடியைத் திறக்கத் திறக்க, அவர் மூச்சுமுட்டிக் கிராம்பைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அன்றைக்கே பாட்டிலை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் குடியை விட்டவர், இது எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று வாய்திறந்து சொன்னேன். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. டீச்சர் பதறிப்போய், மொதல்லயே சொல்லப்படாதா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் முந்திரி மக்ரூன் செய்தோம். முட்டை வெள்ளைக்கருவை அவர்தான் கை வலிக்க வலிக்க அடித்துக் கொடுத்தார். பாதி கூம்பாக வந்தது, பாதி சப்பையாகப் போயிற்று. நல்லதைப் பொறுக்கி டப்பாவில் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்றுவரை அவர் தொடவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளில் அவர் தடுமாறியிருந்தால், ஊற்றிக் கொடுத்தவள் நானாகத்தான் இருந்திருப்பேன் என்ற நினைப்பு, ஒவ்வொரு டிசம்பரும் பிறக்கும்போது என்னை உலுக்கிவிட்டுத்தான் போகிறது.