பெட்டிக்கு ஒன்று கொளுத்திப் பார்ப்பவள்

சாத்தூரில் பஸ் ஏறிய அந்தப் பெண், ஜன்னல் கதவை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெமிஸ்ட்ரி படித்து, பட்டாசு கம்பெனியில் தரம் பார்த்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, இருபத்தாறு வயதில் மறுபடி முதலாம் ஆண்டு நர்சிங் சேரப் போகிறாளாம். மடியில் மூன்று கல்லூரிகளின் வழவழப்பான விளம்பரப் புத்தகங்கள் இருந்தன.

"எதுல சேரப் போறம்மா?" என்றேன்.

"இந்தப் படமெல்லாம் நம்ம சிவகாசியில அடிச்சதுதானக்கா. இத நம்பச் சொல்றீகளா? கம்பெனியில பெட்டிக்கு ஒண்ணு கொளுத்திப் பாத்துட்டுத்தான் லோடு ஏத்துவோம். அதான் மூணு காலேஜ் ஆஸ்பத்திரிக்கும் போயி, அங்கன படிக்கிற பிள்ளைககிட்ட எனக்குப் பிரஷர் பாக்கச் சொன்னேன்."

முதல் இரண்டு இடத்திலும் மாணவிகள் நொடியில் நூற்றிருபதுக்கு எண்பது என்றார்களாம். மூன்றாவது இடத்துப் பெண் இரண்டு முறை பார்த்துவிட்டு, "எனக்குச் சரியா கேக்கலக்கா, சிஸ்டரக் கூட்டியாரேன்" என்றாளாம்.

"பாவம், அந்தப் பிள்ளை தேறலையே," என்றேன்.

"அங்கனதான்க்கா சேரப் போறேன்," என்றாள்.

போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் நொடியில் நூற்றிருபதுக்கு எண்பது என்றார். இன்னொரு தடவை பாருங்களேன் என்று கையை நீட்டினேன்.