எலுமிச்சம்பழம் காவல் காத்த அகராதி

மூன்று வருட உழைப்பை நேற்று முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு பழைய மாயலோக நாவலில் காட்டுவாசிகள் பேசும் கற்பனை மொழிக்கு நான் தொகுத்துவரும் அகராதி. அவர்களுடைய வளைந்து நெளிந்த எழுத்திலேயே எழுதிய நோட்டு. வேறு பிரதி கிடையாது.

இன்று காலை விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

அதே பெஞ்சில், அதே இடத்தில் இருந்தது. மேலே குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழம்.

"இந்த நோட்டு நீ வச்சதாம்மா?" என்றார் கடை அண்ணாச்சி. "செய்வினைன்னு ஒருத்தரும் கிட்ட போவல. காலையில இருந்து எல்லாரும் நின்னுக்கிட்டுதான் டீ குடிக்காவ. பழம் நாந்தான் வச்சேன், ஒரு பாதுகாப்புக்கு."

"அது கதையில வார பாஷை அண்ணாச்சி. நெசத்துல பேச ஆளே கெடையாது."

"ஆளே இல்லாத பாஷையவா இப்படிப் பக்கம் பக்கமா எழுதுத?"

அவர் முகத்தில் பயம் இன்னும் கூடிவிட்டது.

"பழத்தையும் கையோட கொண்டு போயிரும்மா."

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பழத்தோடு வீடு வந்து சேர்ந்தேன். போன உயிர் திரும்பி வந்தது.

எனக்கு இந்தச் செய்வினையில் எல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பழத்தை ஜூஸ் போடலாமா என்று மதியத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களாக இருந்தால் குடிப்பீர்களா?