அருட்தந்தையும் குடும்பத்தாரும்

இன்று காலை அலைபேசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து விழுந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் 'அனைவரும் வருக'. அந்த அனைவரில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடிப் பார்த்தேன், போங்கள்! பத்திரிகை என்றால் மூலையில் மஞ்சள் தடவி, உறையில் நம் பேர் இருக்க வேண்டாமா?

மஞ்சள் என்றாலே எனக்கு மட்டாஞ்சேரிப் பண்டகசாலைத் தெருவின் வாசனைதான். அந்தத் தெருவைக் கூட்டியவர் என் அப்பா. மாநகராட்சி வேலை. பொடிப்பயல்கள்கூட அவரை 'எடா செல்வா' என்பார்கள். மலையாளத்தில் எடா என்றால் நம் அடேய்தான். அப்பா சிரித்துக்கொண்டே போவார், அம்மாவுக்குத்தான் வயிறு எரியும்.

என் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா ஒரே பிடியாக நின்றாள். "தெருவுல உள்ள பெரியவங்க எல்லாரையும் விளிக்கணும். நாம மரியாதையா எழுதினா அவங்களும் மரியாதையா பேசுவாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி ஒருத்தரும் உங்கப்பாவை எடான்னு சொல்லக்கூடாது, ஆமா!"

உறை எழுதும் வேலை என் தலையில். எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் நன்றாக எழுத வரும். திருமேனி என்று அழைக்கப்படும் கோயில் பூசாரிக்கு 'பிரம்மஸ்ரீ', மெக்காவுக்குப் போய்வந்தவருக்கு 'ஜனாப் ஹாஜி', மாதா கோயில் அச்சனுக்கு 'பெருமதிப்பிற்குரிய அருட்தந்தை' என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். அதோடு விட்டாளா அம்மா? "வெறும் பேரோட நிறுத்தினா அது ஒரு விளியாடி? குடும்பத்தாருடன்னு போடு." எல்லா உறையிலும் போட்டேன்.

கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் அப்பா தலையில் கை வைத்தார். "அடியே, அச்சனுக்கு ஏதுடி குடும்பம்? கல்யாணமே கழிக்காத மனுஷன்!"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அச்சன் கோபித்துக்கொண்டு வராமலிருந்தால் தெருவே சிரிக்குமே!

கல்யாணத்தன்று, தாலி கட்டி முடிந்த நேரம். பண்டகசாலை முதலாளி பந்தியிலிருந்து குரல் கொடுத்தார்: "எடா செல்வா, சாயா கொண்டா!" மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது. அச்சன்! பின்னால் பாட்டுக் குழுப் பெண்கள், மணியடிக்கிற கிழவர், கன்னியாஸ்திரீகள் என்று ஒரு பட்டாளமே வந்தது.

"குடும்பத்தோடெ வரணமென்னு எழுதியில்லே, சேச்சி? இதா, என்டெ குடும்பம்!" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நேரே அப்பாவிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "செல்வம் சேட்டா, சந்தோஷமாயி!" என்றார். சேட்டா என்றால் அண்ணன். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக 'செல்வம் சேட்டா' என்று கைகூப்பினார்கள்.

முதலாளி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். கடைசியில், "செல்வம்... சேட்டா, ஒரு சாயா கிட்டுமோ?" என்றார்.

அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்தாள். என்ன நடை, என்ன நிமிர்வு! அவள் அப்படி நடந்து அதற்குமுன் நான் பார்த்ததேயில்லை. ஜெயித்துவிட்டாள் என் அம்மா!

பேர் எழுதிய உறை இப்போது யார் வீட்டுக்கும் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் கல்யாணத்துக்கு மறுநாள் அப்பா துடைப்பத்தோடு தெருவில் இறங்கியபோது அந்த 'எடா'வும் காணாமல் போயிருந்தது. அப்புறம் திரும்பி வரவேயில்லை. தொலையட்டும், நன்றாகத் தொலையட்டும்!