வந்த வழியின் நேர்மாறு

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். சார்புகள் பாடத்தில் ஓர் இடம் வரும். வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் சறுக்குவார்கள். ஒரு சார்பைச் செய்து, அதன்மேல் இன்னொன்றையும் செய்துவிட்டால், திரும்பி வரும்போது கடைசியாகச் செய்ததைத்தான் முதலில் அவிழ்க்க வேண்டும். ஊறுகாய் ஜாடிக்கு மூடி போட்டு, மேலே துணி கட்டுகிறோம். துணியை அவிழ்க்காமல் மூடியைத் திறக்க முடியுமா என்று கேட்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். பரீட்சையில் மறுபடியும் மூடியைத்தான் முதலில் திறப்பார்கள். அதற்காக நான் யாரையும் வைததில்லை. எட்டு வயதில் அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். தாளில் இல்லை, மதுரை வீதியில்.

அது யுத்த காலம். பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் பிள்ளைகள் ஐந்து, நான் மூன்றாவது. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யாவின் அக்கா மதுரையில் இருந்தாள்; அவளுக்குப் பிள்ளை கிடையாது. அங்கே இருந்து படிக்கலாம் என்று சொல்லி அய்யா என்னைக் கூட்டிவந்தார். வந்த அன்று எனக்குப் புதுப்பாவாடை கட்டி, அத்தை மடியில் உட்காரவைத்து, வாயில் சர்க்கரை போட்டார்கள். அய்யா ஒரு தாம்பாளத்தைத் தூக்கி அத்தையிடமும் மாமாவிடமும் கொடுத்தார். பட்டணத்தில் பள்ளிக்கூடம் சேர்ப்பதென்றால் இத்தனை சடங்கு உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையும் மாமாவும் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. கேட்பதற்கு முன்னால் தின்பண்டம் வரும். ஆனால் அந்த வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. ஊரில் ஐந்து பேரும் ஒரே பாயில் ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக் கிடப்போம். இங்கே எனக்கென்று தனிக்கட்டில். பள்ளிக்கூடம் திறக்க நாள் இருந்தது. பகலெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அழுதால் அத்தை பதறிப்போய் இன்னொரு லட்டு கொண்டுவருவாள், அதனால் அழுகையையும் விட்டுவிட்டேன். வீட்டு ஞாபகம் வயிற்றில் வலிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது மாமா அத்தையிடம் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. அய்யா புதன்கிழமைதோறும் மிளகாய் மூட்டையோடு மண்டிக்கு வந்துபோகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாராவாரம் மதுரைக்கு வருகிறவர் ஏன் இங்கே வரவில்லை? யோசித்து யோசித்து நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பாவம், அவருக்கு வழி மறந்துவிட்டது. ஆனால் எனக்கு மறக்கவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து நேரே வந்து, சோத்தாங்கைப் பக்கம் ஒரு திருப்பம், பிறகு நொட்டாங்கை, அதாவது இடது பக்கம், மறுபடியும் நொட்டாங்கைப் பக்கம். நான் போய் நின்றால் அய்யா என்னை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த புதன்கிழமை அத்தை ரேஷன் வரிசையில் நிற்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பினேன். திரும்பிப் போகும்போது கை மாறும் என்ற அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது. ஆகவே நொட்டாங்கை, சோத்தாங்கை, சோத்தாங்கை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கையை மாற்றினேனே தவிர வரிசையைத் தலைகீழாக்கவில்லை. வீட்டுச் சந்திலிருந்து வெளியே வந்ததும் மேற்கே போக வேண்டியவள் கிழக்கே போனேன்.

மாசி வீதி முடிந்தது, எங்கெங்கோ திரும்பினேன், மகால் சுவர் வந்தது. அப்போது அங்கே கோர்ட்டு நடந்துகொண்டிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். மதுரையில் ஒரு தெருமுக்கு மாதிரிதான் இன்னொரு முக்கும் இருக்கும். நாலு பேர் நாலு வழியில் வந்தாலும் ஒரே முக்கில் வந்து நிற்கலாம். முக்கைப் பார்த்து யார் எங்கிருந்து வந்தவர் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட சார்புக்கு நேர்மாறு கிடையாது என்று பின்னாளில் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அழத்தான் தெரிந்தது.

கீரைக்கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று விசாரித்தாள். பேரையூர் பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்றேன்.

"அது மேக்கே இருக்கு தாயி. நீ கெழக்கே வந்து நின்னுக்கிட்டு அழுதா எப்படி?"

அவளும் ரயிலடிப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தாள். வெளிவீதி வழியாக அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பஸ் போயிருக்கும் என்றுதான் பயம். நல்லவேளை, யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அப்போது பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் ஒரு ஆள் கரி உலையின் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றிக்கொண்டிருந்தான். புகைதான் வந்தது, பஸ் கிளம்பவில்லை. காலிச்சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு அய்யா நின்றிருந்தார்.

ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னைத் தூக்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். உங்களுக்கு வழி தெரியாதென்றுதான் நானே வந்தேன் என்றேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பஸ் ஒருவழியாக உறுமிக் கிளம்பியது. ஏறச் சொல்லிக் கூப்பிட்டவனிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அன்றைக்கு அதுதான் கடைசி பஸ்.

"பஸ்ஸு அங்கிட்டுல்ல போகுது" என்றேன். "நட தாயி" என்றார்.

நேரே நடந்தார். சோத்தாங்கைப் பக்கம் திரும்பினார், பிறகு நொட்டாங்கை. எங்கும் நிற்கவில்லை, யாரையும் வழி கேட்கவில்லை. ஊருக்குப் போகவில்லை என்று எனக்கு மெல்ல விளங்கியது. சந்து முனைக்கு வந்தபோது சோடாக்கடைக்காரர் அய்யாவைப் பார்த்து எழுந்து நின்றார்.

"என்னண்ணே, இன்னைக்காச்சும் உள்ள போறீகளா?"

அய்யா நடையை எட்டிப்போட்டார். இவருக்கு அய்யாவை எப்படித் தெரியும் என்று நான் நினைத்தேன், அதற்குள் வீடு வந்துவிட்டது.

அத்தை வாசலில் தலைவிரி கோலமாக நின்றிருந்தாள். அய்யா படி ஏறவில்லை. தெருவிலேயே நின்று, என் கையை எடுத்து அத்தை கையில் வைத்தார்.

"அக்கா, ஒன் பிள்ளை வழி தெரியாம பஸ்ஸுக்கிட்ட வந்து நின்னுச்சு. பாத்துக்க."

உள்ளே வந்து தண்ணீராவது குடித்துவிட்டுப் போகச் சொல்லி அத்தை கெஞ்சினாள். "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

வெயிலில் அலைந்ததில் அய்யாவுக்குப் பேச்சுத் தடுமாறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. அத்தை தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாதே என்று நானே திருத்தினேன்.

"அய்யா மாத்திச் சொல்லிட்டாக, அத்தே. நான் அவுக பிள்ளைதானே."

அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே, "ஆமா தாயி" என்றாள். பெரியவர்கள் செய்த தப்பை நான் எடுத்துச் சொல்லி, இன்னொரு பெரியவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.